ஆறரை மணி கால்குலஸ்

வில்மா பெட்டன்கோர்ட்டுக்கு மைனஸ் குறியைக் கண்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழித்தால் எப்படி இரண்டு வரும், கழித்தால் குறையத்தானே வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். அவளும் எண்கோடு வரைந்து சொல்வாள். கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்குவதை வைத்துச் சொல்வாள். கேட்டவர் முகம் தெளிந்து தலையாட்டும்போது, பின்வரிசையிலிருந்து இன்னொருவர் அதே கேள்வியை அப்போதுதான் தோன்றியதுபோலக் கேட்பார். பதினெட்டு வருஷமாக இதே கதை.

பாதாம் தோப்புகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவில் இருக்கும் டூலி பெண்ட் சமுதாயக் கல்லூரியில் கணக்கு என்பது ஒரு ஏணி. அடிப்படி ப்ரீ அல்ஜீப்ரா. அதற்கு மேல் தொடக்க அல்ஜீப்ரா, இடைநிலை அல்ஜீப்ரா, ப்ரீ கால்குலஸ். உச்சியில் கால்குலஸ். சேர வருகிறவர்களுக்கு முதலில் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு உண்டு. பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷம் ஆனவர்கள் எதையும் புரட்டிப் பார்க்காமல், வேலை முடிந்த கையோடு வந்து அதில் உட்காருவார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். கம்ப்யூட்டர் அவர்களை ஏணியின் அடியில் கொண்டுபோய் விடும். அங்கே வில்மா நிற்பாள்.

அவள் கணக்கில் எம்.எஸ். முடித்தவள். ஆனால் பகுதி நேர ஆசிரியை. நிரந்தர ஆசிரியர்கள் முதலில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் மீதி பகுதி நேரத்தவர்களுக்கு வரும். மிச்சத்தில் கால்குலஸ் எப்போதும் இருந்ததில்லை. மூன்று ஊர்களில் மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய் அவள் எடுப்பதெல்லாம் பின்னமும் மைனஸும்தான். ஆபீஸ் ரூம் கிடையாது. கார் டிக்கிதான் ஆபீஸ்; பேனாக்கள், கால்குலேட்டர்கள், திருத்த வேண்டிய தாள்கள், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அதற்குள். கால அட்டவணையில்கூடப் பகுதி நேரத்தவர்களின் பெயர் பெரும்பாலும் வராது, ‘ஸ்டாஃப்’ என்று மட்டும் போட்டிருக்கும். ஸ்டாஃப் என்று ஒருவர் அத்தனை பாடமும் எடுக்கிறாரே, மனுஷன் தூங்கவே மாட்டாரா என்று மாணவர்கள் சிரிப்பார்கள். வில்மாவும் முதல் இரண்டு வருஷம் சேர்ந்து சிரித்தாள்.

கால்குலஸ் கிடைத்தால் முதல் நாள் எப்படி ஆரம்பிப்பது என்பதை அவள் என்றைக்கோ முடிவு செய்துவிட்டாள். அவள் வளர்ந்தது அப்பாவின் மாட்டுப் பண்ணையில். அங்கே பால் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்ததும் பால் மட்டம் முதலில் வேகமாக இறங்கும், போகப் போக மெதுவாகும். சரியாக இந்த நொடியில் அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது? எதை எதால் வகுப்பாய்? அந்த ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் வகுப்பைத் திண்டாட விட வேண்டும். பிறகு கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். கார் ஓட்டும்போது இதைச் சத்தமாகவே சொல்லிப் பார்ப்பாள். பக்கத்து லேனில் போகிறவர்கள் போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன நவம்பரில் டீன் பிரெண்டா ஹோல்கம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். வில்மா வயதுதான், ஆனால் பேச்சில் எப்போதும் ஒரு ஆபீஸ் இனிப்பு.

“வில்மா, சாயங்கால கால்குலஸ் எடுத்துக்கிட்டிருந்தவர் ரிட்டயர் ஆகி ஐடஹோ போறார். ஜனவரி டெர்ம். செவ்வாய், வியாழன், ஆறரை மணி. நிரந்தரத்துல யாரும் சாயங்காலம் வர மாட்டேங்கறாங்க. நீங்க எடுக்கறீங்களா?”

“எடுக்கறேன்,” என்றாள் வில்மா, டீன் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் வேகமாக.

“ஒரே ஒரு விஷயம். இருபது பேர் சேரணும். டெர்ம் தொடங்கறதுக்கு முந்தின வியாழக்கிழமை பார்ப்போம். குறைஞ்சா கிளாஸை ரத்து பண்ணிடுவோம். போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் ஆள் இல்லாம செத்துப் போச்சு, தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன? அன்றிலிருந்து வில்மா ஆள் பிடிக்க இறங்கினாள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தோற்றார். பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். கணக்குச் சந்தேகம் தீர்க்கும் அறையில் போய் நின்றாள். வெண்டிங் மெஷின் முன்னால் சிப்ஸ் பாக்கெட்டுக்குக் காத்திருந்தவர்களைக்கூட விடவில்லை. அவளிடம் பின்னம் கற்றுக்கொண்டு மேலே ஏறிப்போனவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மிஸ் எடுக்கிறார் என்றதும் தயங்கியவர்கள்கூடச் சரி என்றார்கள்.

அவர்களில் யெசேனியா ஸமூடியோ முக்கியமானவள். சீஸ் ஃபாக்டரியில் வேலை, நாற்பதை நெருங்கும் வயது. முதல் நாள் ப்ரீ அல்ஜீப்ரா வகுப்பில் கதவுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் ஓடிவிடத் தயாராக உட்கார்ந்திருந்தவள். ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி ப்ரீ கால்குலஸையும் முடித்துவிட்டாள். ஃபாக்டரி மெஷின்களைக் கழுவுகிறவளாக இல்லாமல் அவற்றை வடிவமைக்கிறவளாக ஆக வேண்டும் என்பது ஆசை. இன்ஜினியரிங் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமென்றால் கால்குலஸ் கட்டாயம்.

“நீங்களா எடுக்கறீங்க மிஸ்? சத்தியமா?”

“நானேதான். பால் தொட்டிய வெச்சு ஆரம்பிக்கப் போறேன். உனக்குச் சொல்லவே வேணாம், பாதிப் பாடம் உன் ஃபாக்டரியிலயே இருக்கு.”

“அடக் கடவுளே. காலைல லிண்ட்குவிஸ்ட் எடுக்கற கால்குலஸ்ல பேரைக் குடுத்துட்டேனே! அங்க பேரை எடுத்துட்டு உங்க கிளாஸுக்கு வந்துடறேன். ஷிஃப்ட மாத்திக்கணும், பரவால்ல. ரோஸா என் ஞாயித்துக்கிழமை லீவு மேல ரொம்ப நாளா கண்ணு வெச்சிருக்கா, அத அவளுக்குக் குடுத்தா மாத்திக்குவா. ஆல்மாவும் டோனியும்கூட அந்தக் கிளாஸ்லதான் இருக்காங்க, அவங்களையும் இழுத்துட்டு வர்றேன்.”

“இழுத்துட்டு வா, இழுத்துட்டு வா,” என்றாள் வில்மா. அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கணக்கே மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கார் நிறுத்துமிடத்தில் அவளுடைய பக்கத்து இடம் ஹராயர் மனூக்கியனுடையது. வரலாறு சொல்லிக்கொடுக்கும் பகுதி நேரக் கிழவர், அவருக்கும் டிக்கிதான் ஆபீஸ். டிசம்பரில் ஒரு நாள், எதிரே இருப்பது தெரியாத மூடுபனியில், இரண்டு பேரும் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவரிடம் லவாஷ் ரொட்டியில் சுருட்டிய கறி, அவளிடம் இனிப்பு ரொட்டியும் லிங்குயீசா சாஸேஜும்.

“எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?”

“இருபத்தி ரெண்டு. இன்னும் வருவாங்க.”

ஹராயர் மெல்லுவதை நிறுத்தினார். “போதும். நிறுத்திக்கோ. ரொம்ப நிரப்பாதே.”

“ஏன், கண்ணு பட்டுடுமா?”

“படும். மேல இருக்கற நிரந்தர ஆளுங்க கண்ணு. அவங்க கிளாஸ் ஒண்ணு படுத்துட்டா, நிரம்பி இருக்கற நம்ம கிளாஸ அப்படியே தூக்கிட்டுப் போகலாம், ஆசிரியர் ஒப்பந்தத்துலயே இருக்கு. எனக்கு ரெண்டு தடவை ஆச்சு. ரெண்டாவது தடவை முதல் நாள் பாடம் எடுத்து முடிச்சப்புறம் நிரந்தர ஆள் ஒருத்தன் வந்து கிளாஸக் கேட்டான்.”

“உங்க கிளாஸ் நிரம்பறதே ஹீட்டர் நல்லா வேலை செய்யுதுன்னுதான். தூங்க வர்றாங்க. என் விஷயம் வேற. நிரந்தரத்துல இப்ப கால்குலஸ் எடுக்கறது லிண்ட்குவிஸ்ட் ஒருத்தர்தான். அவர் கிளாஸ் எந்த வருஷம் நிரம்பாம இருந்திருக்கு?”

“சரிம்மா, நீ கணக்கு வாத்தியார். உனக்குத் தெரியாததா?” என்று ஹராயர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பாழாய்ப்போன வியாழக்கிழமை அவள் வேறு கல்லூரியின் வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிரெண்டாவின் குரலில் வழக்கத்தைவிட இனிப்பு கூடியிருந்தது. அதைக் கேட்டதுமே வில்மா இன்ஜினை அணைத்தாள்.

“வில்மா, முதல்ல பாராட்டு. இருபத்தெட்டு பேர்! சாயங்கால கிளாஸுக்கு இவ்வளவு பேர நான் பாத்ததே இல்ல.”

“தேங்க்ஸ். ஆனா?”

“ஆனா... லிண்ட்குவிஸ்டோட காலை கிளாஸ்ல பதினஞ்சு பேர்தான். அத ரத்து பண்ணிட்டோம். அவருக்கு ஒரு கிளாஸ் குறையுது. ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியும்.”

“அவர் கிளாஸ் எப்பவும் நிரம்புமே!”

“அதான் எனக்கும் புரியல. இந்த ரெண்டு மாசத்துல பத்துப் பேருக்கு மேல பேரை எடுத்துட்டாங்க. பாத்தா எல்லாரும் சாயங்காலத்துக்கு மாறியிருக்காங்க.”

வில்மா பெயர்களை எண்ணிப் பார்த்தாள். ஆல்மா, டோனி, அவர்கள் இழுத்து வந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். ஒவ்வொரு பெயராகச் சேர்ந்தபோது அவள் துள்ளிக் குதித்தாளே, அந்த ஒவ்வொரு பெயரும் லிண்ட்குவிஸ்ட் வகுப்பிலிருந்து உருவப்பட்டது. இங்கே ஒன்று கூடினால் அங்கே ஒன்று குறையும். வருஷக்கணக்காக அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத் தேடிப் பிடித்து, வெண்டிங் மெஷின் வாசலில் காத்து நின்று செய்திருக்கிறாள்.

“உங்கள வெறுங்கையோட விட மாட்டேன்,” என்று பிரெண்டா தொடர்ந்தாள். “அதே நேரத்துல ப்ரீ அல்ஜீப்ரா ஒண்ணு இருக்கு. பக்கத்து ரூம்தான். முப்பத்தஞ்சு பேர், நல்லா நிரம்பியிருக்கு.”

“வேணாம்னு சொன்னா?”

“சொல்லலாம். ஆனா அடுத்த டெர்முக்கு கிளாஸ் குடுக்கற வரிசைல கீழ போயிடுவீங்க. மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கும் கிளாஸ் எண்ணிக்கை இடிக்கும். யோசிச்சுச் சொல்லுங்க.”

சொல்ல அவளுக்கு ஆயிரம் இருந்தது. இந்த இருபத்தெட்டு பேரில் ஒருவராவது உங்கள் ஒப்பந்தத்துக்காக வந்தாரா? ஆள் பிடிக்க லிண்ட்குவிஸ்ட் வந்து நின்றாரா? முப்பத்தைந்து பேர் இருக்கும் வகுப்பைத் தூக்கி அவருக்குக் கொடுப்பதுதானே, அதுவும் நிரம்பித்தானே இருக்கிறது? இத்தனையும் நாக்கு நுனி வரை வந்தது. கடைசியில் அவள் சொன்னது “சரி” என்ற ஒரே வார்த்தை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வருகிறது. வர வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் யெசேனியாவின் நம்பரை எடுத்துப் பார்த்தாள். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். யெசேனியா வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் எடுப்பார்கள். இருபதுக்குக் கீழே போகும், இந்த வகுப்பும் சாகும், லிண்ட்குவிஸ்டுக்கு ஒரு பாடம் கற்பித்தது போலவும் இருக்கும். அந்த நினைப்பு ஒரு நிமிஷம் தித்தித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்புறம் ஆகஸ்ட் வரை இந்த ஊரில் யாருக்கும் கால்குலஸ் கிடையாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வில்மா ப்ரீ அல்ஜீப்ரா அறையில் பின்னத்தைத் தொடங்கினாள். சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் லிண்ட்குவிஸ்டின் சீரான குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவள் உரக்கப் பேசினாள். முன்வரிசையில் ஒருவர், “மிஸ், எங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது,” என்றார்.

இடைவேளையில் கதவைத் திறந்தால் யெசேனியா நின்றுகொண்டிருந்தாள். காலில் ஃபாக்டரி பூட்ஸ்.

“இது என்ன நியாயம் மிஸ்? கதவைத் திறந்தா அங்க அவரு நிக்கறாரு!”

“யெசேனியா, நான் சொல்றத...”

“விடியக்காலம் நாலு மணி ஷிஃப்ட் வாங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமைய அந்த ரோஸாகிட்டக் குடுத்துட்டேன், இனிமே திருப்பித் தர மாட்டா. எதுக்காக? அவருகிட்டயே படிக்கறதுன்னா காலைல பேசாம உக்காந்திருப்பேனே! இப்ப என்னடான்னா அதே வாத்தியாரு, தூக்கக் கலக்கத்தோட!”

“எனக்கே வியாழக்கிழமைதான் தெரியும்.”

“வியாழக்கிழமையே தெரியுமா? ஒரு போன் பண்ண உங்களுக்கு நேரமில்லியா?”

“பண்ணியிருந்தா நீ பேரை எடுத்திருப்ப.”

“எடுத்துத்தான் இருப்பேன்!”

“உன் பின்னாலயே மத்தவங்களும் எடுத்திருப்பாங்க. கிளாஸ் போயிருக்கும். நீ இன்ஜினியரிங் போறது ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கும். அதனாலதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு மட்டும் ஆசையா?” வில்மாவின் குரல் உடைந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

“அவரு பால் தொட்டியப் பத்தி ஒண்ணுமே சொல்லல,” என்றாள் யெசேனியா, கோபம் இறங்காமலே.

காப்பிக் கோப்பையோடு லிண்ட்குவிஸ்ட் வெளியே வந்தார். உயரமான, வெளுத்த, யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் வில்மாவுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

“வில்மா! இந்த ஒப்பந்த விஷயம் சங்கடம்தான், என்ன செய்யறது. ஆனா ஒண்ணு சொல்லணும். நானும் எத்தனையோ வருஷமா கால்குலஸ் எடுக்கறேன். முதல் நாளே பின்னத்துல பாதிப் பேர் தடுக்கி விழுவாங்க. இன்னிக்கு ஒருத்தர்கூட விழல. கீழ யாரோ உக்காந்து ஒழுங்கா சொல்லிக்குடுத்திருக்காங்க. யாருன்னு தெரியுமா?”

“யாரோவா?” என்று யெசேனியா சீறினாள். “இதோ உங்க முன்னால நிக்கறாங்களே, இவங்கதான்!”

“அப்படியா!” லிண்ட்குவிஸ்டின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. “பிரமாதம் வில்மா. நீங்க கீழேயே இருக்கணும், மேல வந்துடவே கூடாது. கால்குலஸ் யார் வேணும்னாலும் எடுத்துடலாம். அந்த அடி வேலை இருக்கு பாருங்க, அதுக்கு ஆள் கிடைக்காது. ரொம்ப தேங்க்ஸ்.”

மனதாரத்தான் சொன்னார். கையைக்கூடக் குலுக்கினார். வில்மாவும் குலுக்கினாள். பற்களைக் கடித்துக்கொண்டு சிரிக்கவும் சிரித்தாள். யெசேனியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் பின்னாலேயே வகுப்புக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வில்மா தன் அறைக்குத் திரும்பினாள். கையிலிருந்த பேனாவைச் சுவரில் எறியலாமா என்றிருந்தது. பத்துப் பதினைந்து பேர்தான் திரும்பி வந்திருந்தார்கள், மற்றவர்கள் இன்னும் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர், கம்பெனி பெயர் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தவர், கையைத் தூக்கினார்.

“மிஸ், தப்பா நினைக்காதீங்க. நான் இன்ஜினியரிங் படிக்கலாம்னு இருக்கேன். கால்குலஸ் வேணும்னு சொல்றாங்க. இந்த ரூம்லேருந்து கால்குலஸுக்குப் போக எவ்வளவு நாளாகும்?”

சுவருக்கு அந்தப் பக்கம் லிண்ட்குவிஸ்ட் ஏதோ சொன்னார், இருபத்தெட்டு பேரும் சிரித்தார்கள். வில்மா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“உங்களுக்கா? ஒழுங்கா வந்தா ரெண்டு வருஷம்.”

“அவ்வளவுதானா?” அவர் முகத்தில் நிம்மதி.

“உங்களுக்கு அவ்வளவுதான்,” என்றாள் வில்மா. பிறகு பலகைப் பக்கம் திரும்பி, எண்கோடு ஒன்று வரைந்து, நடுவில் பூஜ்யத்தைப் போட்டாள்.